தனி பெட்ரூம் இருக்கா என்று டாக்டர் கேட்டார்

"வீட்டுல தனியா ஒரு பெட்ரூம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது நான் யோசிக்காமல் "இருக்கு சார்" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி வசந்தா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொன்னது பொய் இல்லை. வீடு கட்டும்போது போட்ட வரைபடத்தில் அந்த அறைக்கு நேராகப் 'படுக்கை அறை' என்றுதான் எழுதியிருக்கிறது. எங்கள் மகள் தொட்டிலை விட்டு இறங்கியதிலிருந்து அதில் யாரும் படுத்ததில்லை, அவ்வளவுதான். மகளுக்கு இப்போது இருபத்தொரு வயது. கோயம்புத்தூரில் படிக்கிறாள்.

இதை எழுதச் சொன்னவர் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தர் சிஸ்டர். வீட்டிலேயே டயாலிசிஸ் தொடங்கப் போகிறவர்கள் படித்தால் பயம் குறையும் என்றார். நோயைப் பற்றி எழுதச் சொன்னார். நான் பாதி நோயைப் பற்றியும் பாதி அந்த அறையைப் பற்றியும் எழுதப் போகிறேன். பெருமையடிக்கிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடி துறைமுகத்தில் நான் ஹேட்ச் கழுவும் கேங்குக்கு மேஸ்திரி. ஹேட்ச் என்றால் கப்பலில் சரக்கு கொட்டும் ஆழமான இரும்பு அறை. நிலக்கரி இறக்கிய கப்பலில் அடுத்து கோதுமை ஏற்ற வேண்டுமென்றால், நடுவில் நாங்கள் பன்னிரண்டு பேர் இறங்குவோம். பெருக்கி, துருவைச் சுரண்டி, பிரஷர் பம்பு வைத்துத் தண்ணீர் அடித்து, துடைத்து, காயவைத்துக் கொடுப்போம். அதன் பிறகு ஹேட்ச் சுத்தமா என்று சோதிக்கும் சர்வேயர் ஏணியில் இறங்கி வருவார். வெள்ளைத் துணியால் சுவரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். துணியில் கறை தெரிந்தால் எல்லாம் முதலிலிருந்து. என் கேங் கழுவிய ஹேட்சில் துணி கறுத்தது அபூர்வம்.

போன வருஷம் அந்த ஏணியில் ஏறும்போது பாதியில் மூச்சு நின்றுவிடும்போல் ஆயிற்று. கால் வீங்கி பூட்ஸ் நுழையவில்லை. காலையில் கண்ணாடி பார்த்தால் முகம் உப்பியிருந்தது. சோற்றைக் கண்டால் குமட்டியது. நாற்பத்தொன்பது வயதில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வசந்தாதான் இழுத்துக்கொண்டு போனாள்.

இரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்றைப் பார்த்தார்கள். உடம்பு வேலை செய்யும்போது சேரும் கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய அளவு எனக்குப் பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக் கிடந்தன. "வலி மாத்திரை சாப்பிடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கி, பத்து வருஷமாக வாரத்தில் நாலைந்து நாள் விழுங்கியிருக்கிறேன். கூடவே, பார்க்காமல் விட்ட பிரஷர். இதைப் படிக்கிறவர் பையில் அப்படி ஒரு அட்டை இருந்தால், அடுத்த மாத்திரையை விழுங்கும் முன் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அன்றைக்கே கழுத்தில் ஒரு குழாயைச் செருகி, மெஷினில் போட்டார்கள். இரத்தம் ஒரு பக்கம் வெளியே வந்து, சுத்தமாகி, மறுபக்கம் உள்ளே போகும். நான்கு மணி நேரம். கடைசி அரை மணியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கோவில்பட்டிக்காரர், மூன்று வருஷமாக வருகிறார். "வாரத்துல மூணு நாளு இங்க. மிச்ச நாளு இங்க வந்த களைப்பு," என்றார் சிரித்துக்கொண்டே. அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வார்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, சத்தம் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் வெளியே இருந்து வசந்தாவின் குரல் வந்தது.

"தண்ணி வீணாப் போவுது. வெளிய வந்து அழுங்க."

வெளியே வந்தேன். அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. அவள் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். வசந்தா ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளர் வாங்கி வந்தாள். ஒரு வேளைக்கு அந்தத் தம்ளர் அளவுதான். அவளும் அதே தம்ளரில்தான் குடிக்கிறாள், அதற்கு மேல் குடிப்பதில்லை என்பதைக் கவனிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. கோடைக்காலம் வேறு. ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு தாகமே இல்ல," என்றாள். பில்லைப் பற்றியெல்லாம் நான் இங்கே எழுதவில்லை. காப்பீடு கொஞ்சம் தாங்கியது, மீதியை நாங்கள் தாங்கினோம்.

ஒரு வாரம் கழித்துத்தான் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஒரு ஆபரேஷன் செய்துகொண்டு, வாரம் மூன்று நாள் மெஷினுக்கு வருவது. இன்னொன்று, வீட்டிலேயே செய்துகொள்வது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டால், இரத்தத்தின் கழிவு சவ்வு வழியாக மெதுவாகத் திரவத்தில் இறங்கும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுசு விட வேண்டும். நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு அரை மணி நேரம். இடைப்பட்ட நேரத்தில் வேலைக்குப் போகலாம். ஏணியில் இறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மேலே நின்று வேலை வாங்கலாம்.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் வராத மேஸ்திரிக்காக எந்தக் கப்பலும் காத்திருக்காது. கேங் கையை விட்டுப் போய்விட்டால் அப்புறம் நான் யார் என்று எனக்கே தெரியாது.

ஆனால் குழாயைத் திறந்து மாட்டும் அந்தச் சில நிமிடத்தில் ஒரு தூசி, ஒரு கிருமி உள்ளே போய்விட்டால் வயிறு முழுக்கச் சீழ் பிடிக்கும். அதனால் தூசியில்லாத தனி அறை வேண்டும். மாற்றும்போது கதவு, ஜன்னல், ஃபேன் எல்லாம் அடைத்திருக்க வேண்டும். சிஸ்டர் வீட்டுக்கே வந்து அறையைப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் வீடு. இல்லையென்றால் மெஷின்.

அப்போதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வெளியே வந்ததும் வசந்தா பிடித்துக்கொண்டாள். "இருக்குன்னு சொல்லிட்டிய. உள்ள காலு வைக்க எடம் இருக்கா?"

"பதினஞ்சு நாளு இருக்குல்லா. கப்பலையே கழுவுதவனுக்கு ஒரு ரூமு பெரிய வேலையா?"

உள்ளே இருந்தவற்றைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு வந்த மர பீரோ, கதவு மூடாது. அரிசி மூடை. உடைந்த மிக்சி இரண்டு. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள், கிழிந்ததும் கிழியாததும். நான் கப்பலிலிருந்து கொண்டுவந்து குவித்த கயிறு. நடுவில் வசந்தாவின் தையல் மெஷின், அதைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டுத் துணி. கட்டில் ஒன்று இருப்பதே அதன் மேலிருந்த பெட்டிகளை எடுத்த பிறகுதான் தெரிந்தது. நாங்கள் இருவரும் இத்தனை வருஷமும் ஹாலில் பாய் விரித்துத்தான் படுத்தோம்.

வயிற்றில் குழாய் வைத்தார்கள். காயம் ஆற இரண்டு வாரம். அதற்குள் அறை தயாராக வேண்டும். நான் குனியக் கூடாது, தூக்கக் கூடாது. ஆகவே வாசற்படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேங்கில் என் வலது கையான சேவியரை வரவழைத்தேன். திரேஸ்புரத்துக்காரன், என்னை விட ஆறு வயது இளையவன். வரும்போதே பிரஷர் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பம்பைப் பார்த்ததும் வசந்தா ஓடி வந்தாள். "செவத்துல தண்ணி அடிக்காதிய. நம்ம போர்த் தண்ணி உப்பு. துணி தொவச்சாலே வெள்ளையாப் பூக்குது."

"ஏளா, ஒனக்குத் தையல் தெரியும், எனக்குக் கழுவத் தெரியும். நீ அங்கன போயி இரு."

"மூலைக்கும் அடிக்கட்டா அண்ணாச்சி?" என்றான் சேவியர்.

"மேல இருந்து எறக்குலே. ஒரு பொட்டுத் தூசி மிஞ்சக் கூடாது."

மேலிருந்து கீழே வரிசை பிடித்து அடித்தான். இருபது வருஷத் தூசி வாசல் வழியாக ஓடியது. கண்கொள்ளாக் காட்சி. இரண்டு நாள் ஃபேனை ஓடவிட்டுக் காயவைத்து, வெள்ளை பெயிண்ட் அடித்து, கட்டிலையும் ஒரு ஸ்டூலையும் மட்டும் உள்ளே போட்டோம். வெள்ளையில்தான் அழுக்கு உடனே கண்ணுக்குத் தெரியும் என்பது என் கட்சி. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். எந்த சர்வேயர் வந்தாலும் வரட்டும் என்று இருந்தது.

எஸ்தர் சிஸ்டர் வந்த அன்று காலையில் சுவரோரம் தரையில் மாவு தூவியதுபோல் ஏதோ கிடந்தது. பெயிண்ட் உதிர்ந்திருக்கும் என்று துடைத்துவிட்டேன். சிஸ்டர் உள்ளே வந்து சுவரில் ஒரு விரலை வைத்து இழுத்தார். பெயிண்ட் பொரிந்து கையோடு வந்தது. அதன் பின்னாலிருந்து வெள்ளைப் பொடி பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணாச்சி, இது உப்பு. நீங்க டியூபத் தொறக்குத நேரத்துல இது பறந்து வந்து விழுந்தா என்ன ஆவும்?"

ஹேட்ச் இரும்பு. இரும்பு தண்ணீரைக் குடிக்காது. என் வீட்டுச் சுவர் இரண்டு மணி நேரம் உப்புத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்திருக்கிறது. இத்தனை வருஷ அனுபவம் எனக்கு மறைத்தது இந்த ஒன்றைத்தான். வசந்தா "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்லவே இல்லை.

சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார். அதை வசந்தாவைப் பார்த்துத்தான் சொன்னார். "யக்கா, உப்பு மட்டும் இல்ல. இந்த ரூமு எங்க வார்ட விட மோசமா இருக்கு. தெனம் நாலு தடவ இவிய இங்கனதான் உக்காரணும், வருசக் கணக்குல. பாக்கவே புடிக்காத எடத்துல உக்காந்தா ஒரே மாசத்துல வெறுத்துரும். வெறுத்தா கை கழுவச் சோம்பல் வரும். கிருமி அங்க இருந்துதான் வரும். ரூமு அழகா இருக்கதும் வைத்தியம்தான்." கழுத்துக் குழாயை அதிக நாள் வைத்திருக்க முடியாது, காய்ச்சல் வந்துவிடும் என்றும், ஒரு வாரத்தில் மறுபடி வந்து பார்ப்பதாகவும், அதற்கு மேல் டாக்டர் காத்திருக்க மாட்டார் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மெஷினில் படுத்திருந்தேன். கோவில்பட்டிக்காரர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கும் இனி இதுதான் இடம் என்று மனது சொல்லியது. பயந்து கிடந்த அந்த நேரத்தில்தான் ஒன்று ஞாபகம் வந்தது. கப்பலில் மூடை ஏற்றும்போது, இரும்புச் சுவர் வேர்த்து அந்த ஈரம் சரக்கில் படாமல் இருக்க, சுவருக்கும் மூடைக்கும் நடுவில் கட்டையும் பலகையும் அடித்து இடைவெளி விடுவோம். சுவரைச் சரிசெய்ய ஒரு வாரம் போதாது. ஆனால் சுவரை மறைத்து நிறுத்த மூன்று நாள் போதும். கட்டையில் சட்டம் அடித்து, மேலே கழுவக்கூடிய பிளாஸ்டிக் ஷீட் பொருத்தி, கீழே அடைத்துவிட்டால் உப்பு பின்னாலேயே கொட்டிக்கொண்டு கிடக்கும். படுத்தபடியே போனை எடுத்து வசந்தாவைக் கூப்பிட்டேன்.

"நான் ஷீட்டுக் கடையிலதான் நிக்கேன்," என்றாள் அவள். "பிளவுசு குடுக்கப் போன வீட்டுல எல்லாம் ஈரச் செவத்துக்கு இதான் ஒட்டிருக்காவ."

"கப்பல்லயும் இதத்தான் செய்வோம்!"

"அப்படியா? அத பம்பு அடிக்கதுக்கு முன்னால சொல்லிருக்கலாம்லா."

அந்த ஒரு வாரம் வீட்டில் அவள்தான் மேஸ்திரி. தையல் மெஷினை முதலில் ஹாலுக்கு மாற்றினாள். நூல் தூசி பறக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இடம் சுருங்கியதால் பெரிய தையல் வேலைகள் இரண்டைத் திருப்பிக் கொடுத்ததை எனக்குப் பிறகுதான் சொன்னாள். சேவியர் உதிரும் பூச்சைச் சுரண்டினான், சட்டம் அடித்தான். ஷீட்டுக்கு நான் வெள்ளை என்றேன். அவள் கேட்கவே இல்லை. சங்கின் உள்பக்கத்தில் வெள்ளையும் இல்லாமல் ரோஸும் இல்லாமல் ஒரு நிறம் இருக்குமே, அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். என் பங்கு டார்ச் அடித்து இடுக்கு பார்ப்பது. எங்கேயாவது கீற்று தெரிந்தால் சேவியரைக் கூப்பிடுவேன். அவன் அலுத்துப்போய், "சர்வேயரே தேவலாம் அண்ணாச்சி," என்றான்.

கனமான திரை தூசி பிடிக்கும் என்று மெல்லிய பருத்தியில் இரண்டு செட் தைத்தாள். ஒன்று தொங்கும்போது மற்றது துவைத்துத் தேய்த்து உறையில் இருக்கும், துவைப்பது லாரித் தண்ணீரில். நான் உட்காரும் நாற்காலியை ஜன்னலுக்கு நேராகப் போட்டாள். கண்ணாடி மூடியிருந்தாலும் பக்கத்து வீட்டு முருங்கை தெரியும். திரவப் பைகள் வரும் அட்டைப் பெட்டிகளைத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டாள். பார்த்தால் ஆஸ்பத்திரிச் சாமான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுவரில் ஒரே ஒரு படம், எங்கள் கல்யாணப் படம். தினமும் துடைக்க ஒன்றுதான் முடியும் என்றாள்.

பையைத் தொங்கவிட ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல் இரும்பு ஸ்டாண்டு வாங்கலாம் என்றேன். அவள் நிமிர்ந்து கூரையைக் காட்டினாள். தொட்டில் கொக்கி. மூன்று கிலோ பிள்ளையைத் தாங்கியது இரண்டு லிட்டரைத் தாங்காதா என்று கேட்டு, அதைத் துரு போகத் தேய்த்து, ஒரு சங்கிலி மாட்டித் தோள் உயரத்துக்கு இறக்கிவிட்டாள். அன்று நான் இரண்டாவது தடவை அழுதேன். குழாயெல்லாம் திறக்கவில்லை, அவள் முன்னாலேயே அழுதேன்.

சிஸ்டர் வந்தபோது நான் ஒரு வெள்ளைத் துணியை மடித்துக் கையில் கொடுத்தேன். எங்கள் தொழிலில் இதுதான் முறை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, கதவுச் சட்டத்துக்கு மேலே இழுத்தார். கட்டிலுக்குப் பின்னால் இழுத்தார். ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் இறக்கையில் இழுத்தார். கடைசியில் சுவரில், மேலிருந்து கீழ் வரைக்கும். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். நான் கப்பலில் எத்தனையோ தடவை அப்படி ஒரு துணியைப் பார்த்து நின்றிருக்கிறேன். கறை இருக்குமோ என்று எட்டிப் பார்த்தது அன்றுதான்.

"பாஸ் அண்ணாச்சி," என்றார். வசந்தா உடனே அடுக்களைக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

போகும்போது சிஸ்டர் ஹாலில் சுருட்டி வைத்திருந்த பாய்களைப் பார்த்துவிட்டார். "ராத்திரி எங்கன படுக்கிய?"

"இங்கனதான்," என்றாள் வசந்தா. "அங்க படுத்தா அழுக்காயிருமே."

"நல்லாருக்கே! அது படுக்குத ரூமுக்கா. சுத்தமா வச்சிக்கிட்டுப் படுங்க."

பத்து நாள் ஆஸ்பத்திரியில் பழக்கினார்கள். முகமூடி, கை கழுவுதல், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, வடியும் திரவம் கலங்கியிருந்தால் உடனே வர வேண்டும் என்பது வரை. கழுத்துக் குழாயை எடுத்த அன்று சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது, மீன் குழம்பு மறுபடி மீன் குழம்பாக ருசித்தது. இரண்டாம் மாதம் கேங்குக்குத் திரும்பினேன். இன்று வரை எனக்குக் கிருமி வரவில்லை. வீட்டில் செய்துகொள்ள யோசிக்கிறவர்களைச் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு அனுப்பி அறையைப் பார்க்கச் சொல்கிறார். இதுவரை ஐந்து குடும்பம் வந்திருக்கிறது. வசந்தா கதவைத் திறந்து காட்டுவதற்கு முன்னால் முதல் பாடமாக, "செவத்துல மட்டும் தண்ணி அடிச்சிராதிய," என்று சொல்லி என்னைக் கையால் காட்டுவாள். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன்.

ஆனால் சிஸ்டர் சொன்ன கடைசி விஷயத்தை மட்டும் அவள் கேட்கவில்லை. நான் கட்டிலில் படுப்பேன், அவள் ஹாலில் பாயில். கூப்பிட்டால், "எனக்கு இதான் பழக்கம்," என்பாள். மதியப் பைக்கு நான் வீட்டுக்கு வருவேன். அவள் முகமூடி போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்வாள். ஃபேன் நின்றிருக்கும், கதவு சாத்தியிருக்கும். அந்த அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம், அல்லது சும்மா இருப்போம். இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

நேற்று மதியம் பேசிக்கொண்டே இருந்தவள் பதில் சொல்லவில்லை. பார்த்தால், கட்டிலில் சாய்ந்து, முகமூடியோடு தூங்கிவிட்டிருந்தாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. குழாயை மூடி, பையைக் கட்டி வைத்துவிட்டு, முகமூடியை மெல்லக் கழற்றினேன். அவள் காலை எடுத்துக் கட்டிலில் நீட்டிவிட்டேன். விழிக்கவில்லை. ஃபேனை ஒன்றில் வைத்தேன். அப்போதுதான் போன் அதிர்ந்தது. சேவியர்.

"அண்ணாச்சி, சர்வேயர் வந்துட்டாரு. எங்கன இருக்கிய?"

"பெட்ரூம்ல இருக்கேன்."

"என்ன அண்ணாச்சி, சத்தமே கேக்கல! நல்லாப் பேசுங்க!"

நாற்பது அடி ஆழத்தில் நிற்கிறவனுக்கு மேலிருந்து கேட்கும்படி கத்தியே பழகிய தொண்டை என்னுடையது. அதை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்தேன்.

"இவ்வளவுதாம்லே பேச முடியும். அக்கா உள்ள தூங்குதா. அவர ஒரு டீ குடிச்சிக்கிட்டு இருக்கச் சொல்லு, வாரேன்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வாசல் வரைக்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.